யார் பெயரில்? – அன்னி பெசன்ட்டின் அச்சகமும் பெண்களின் வாக்குரிமையும்

வரலாற்றுப் பாடத்தில் அன்னி பெசன்ட் வரும் பகுதியை நாம் எத்தனை நிமிடத்தில் நடத்தி முடிக்கிறோம்? தன்னாட்சி இயக்கம், 1916. நியூ இந்தியா, காமன்வீல் என்று இரண்டு இதழ்கள். 1917இல் காங்கிரசின் முதல் பெண் தலைவர். நான்கு ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை கிடைத்துவிடும். கரும்பலகையில் ஆண்டுகளுக்கு அடிக்கோடு போட்டுவிட்டுத் திலகருக்குப் போய்விடலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

குன்றக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அந்தம்மா பேப்பர் நடத்துனாங்கன்னு சொல்றீங்களே, அச்சடிக்கிற மிஷினு யாரு பேர்ல இருந்துச்சு?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். வீட்டில் காது கொடுத்துக் கேட்ட பேச்சிலிருந்து பிறந்த கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். தேடிப் பார்த்தபோது பதில் எளிதாகக் கிடைத்தது. அச்சகம் அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் அதைத் தேடப் போன வழியில், "யார் பெயரில்?" என்ற அந்தக் கேள்வி அவர் வாழ்க்கை முழுவதும் ஓடுவது தெரிந்தது. பெண்களுக்கு வாக்குரிமை வந்த கதையிலும் அதே கேள்விதான் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முப்பது ஷில்லிங்

அன்னி வுட் 1847 அக்டோபர் 1 அன்று லண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தை இறந்துவிட்டார். அம்மா ஹாரோ என்ற ஊரில் பள்ளி மாணவர்களுக்கு விடுதி நடத்திக் குடும்பத்தை ஓட்டினார். எல்லன் மாரியட் என்ற பெண்மணி சிறுமியை அழைத்துச் சென்று தன் செலவில் படிக்க வைத்தார். அந்த ஆசிரியை நம் கவனத்துக்கு உரியவர். இலக்கண நூலை உருப்போடச் சொல்லாமல், பார்த்ததையும் கேட்டதையும் பற்றிக் கடிதம் எழுதச் சொல்லித்தான் மொழி கற்பித்தாராம். பின்னாளில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓயாமல் எழுதிய கைக்கு முதல் பயிற்சி அங்கே கிடைத்தது.

இருபது வயதில், 1867இல், பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருடன் திருமணம். ஒரு மகன், ஒரு மகள். வீட்டில் இருந்தபடி அவர் சிறுகதைகள் எழுதத் தொடங்கினார். 'பேமிலி ஹெரால்டு' என்ற இதழ் முதல் கதைக்கு முப்பது ஷில்லிங் அனுப்பியது. வாழ்க்கையில் தானே சம்பாதித்த முதல் பணம் என்று அவர் பூரித்துப் போனார். ஆனால் அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மணமான பெண் சம்பாதிக்கும் பணம் அவளுடையது அன்று, கணவனுடையது. தன் சுயசரிதையில் இந்த இடத்தைக் கடக்கும்போது அவருடைய எழுத்தில் கேலியும் கசப்பும் சேர்ந்து வரும். மணமான பெண்ணின் ஊதியம் அவளுக்கே என்று சட்டம் வந்தது 1870இல். சொத்துரிமை முழுமையாக வர 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எழுதியது அவர் கை. பணம் இன்னொருவர் பெயரில். அரசியலை அவர் முதலில் கற்ற இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

குழந்தை நோயில் துடித்த நாட்களில் அவருக்குச் சமய நம்பிக்கை தளர்ந்தது. பாதிரியாரின் மனைவி நற்கருணை வாங்க மாட்டேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? 1873இல் கணவரைப் பிரிந்து, மகள் மேபலுடன் லண்டனுக்கு வந்தார். பிரிவதற்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது நான் சொல்வதுண்டு. ஆளில்லாத தேவாலயத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, பிரசங்க மேடையில் ஏறி, காலி இருக்கைகளைப் பார்த்து முழுச் சொற்பொழிவு ஆற்றினார் அந்த இளம்பெண். தன் குரலைத் தானே முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். மறு ஆண்டு ஆகஸ்டில், லண்டனில் உண்மையான கூட்டத்தின் முன் முதல் சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பு, பெண்களின் அரசியல் நிலை. பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்பதுதான் அவர் பொதுமேடையில் பேசிய முதல் பொருள். அந்தப் பேச்சு பிறகு துண்டுப் பிரசுரமாகவும் வந்தது.

ஆறு பென்னிப் புத்தகம்

சீர்திருத்தவாதி சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து இதழியல் பணியில் இறங்கிய அன்னி, 1877இல் பதிப்பாளர் ஆனார். ஆனதே ஒரு வழக்குக்காகத்தான். நோல்ட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் குடும்பக் கட்டுப்பாடு பற்றி எழுதிய சிறு புத்தகம் பல பத்தாண்டுகளாக விற்பனையில் இருந்தது. அதை ஆபாசம் என்று சொல்லி வழக்குத் தொடுத்தபோது, அதன் வெளியீட்டாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிட்டார். வெளியிடத் தகாதது என்றால் முதலிலேயே வெளியிட்டிருக்கக் கூடாது. தகுந்தது என்றால் வழக்குக்குப் பயந்து கைவிடக் கூடாது என்பது அன்னியின் வாதம். இருவரும் கடன் வாங்கி, பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த பிளீட் தெருவுக்குப் பக்கத்தில், ஸ்டோன்கட்டர் தெருவில் ஒரு சிறு கடை பிடித்து, சொந்தப் பதிப்பகம் தொடங்கினார்கள். புத்தகத்தை ஆறு பென்னி விலையில் மறுபடி அச்சிட்டார்கள். இன்ன நாளில், இன்ன நேரத்தில் நாங்களே நேரில் விற்கப் போகிறோம் என்று காவல்துறைக்கு முன்கூட்டியே எழுதியும் கொடுத்தார்கள்! இருபது நிமிடத்தில் சில நூறு படிகள் தீர்ந்தன.

ஏழைத் தொழிலாளிக் குடும்பத்தில் ஆண்டுக்கொரு பிள்ளை பெற்று உடல் நலிந்த தாய்மார்களுக்கு மருத்துவச் செய்தி மலிவு விலையில் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். பணக்காரர் வாங்கும் விலையில் விற்றிருந்தால் வழக்கே வந்திருக்காது என்பது அன்று பலருக்கும் தெரிந்த உண்மைதான். ஜூன் மாதம் விசாரணை நடந்தது. அன்னி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடினார். ஆறு மாதச் சிறை, 200 பவுண்டு அபராதம் என்று தீர்ப்பு வந்தது. குற்றப்பத்திரிகையில் இருந்த சட்டக் குறைபாட்டால் மறு ஆண்டு அது தள்ளுபடியானது. ஓரத்தில் கிடந்த புத்தகம், வழக்கின் புண்ணியத்தால் ஒரு லட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

சிறை தப்பியது. ஆனால் மகள் போனாள். மேபலுக்கு அப்போது ஏழு வயது. நாத்திகம் பேசுகிறவள், இப்படிப்பட்ட புத்தகம் வெளியிடுகிறவள் பிள்ளையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று 1878இல் நீதிமன்றம் மகளைத் தந்தையிடம் ஒப்படைத்தது. நோயிலிருந்து எழுந்த குழந்தையைக் கதறக் கதறக் கொண்டுபோனதைப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். மகனும் மகளும் வளர்ந்த பிறகு தாமாகவே தாயிடம் திரும்பி வந்தார்கள். பதிப்பாளர் அன்னி பெசன்ட் என்று புத்தக அட்டையில் பெயர் போட்டதற்கு அவர் கொடுத்த விலை இது.

கதவடைத்த தோட்டம், தீக்குச்சித் தொழிற்சாலை

அதே 1878இல் லண்டன் பல்கலைக்கழகம் பெண்களும் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. முப்பது வயதைக் கடந்த அன்னி அறிவியல் படிக்கச் சேர்ந்தார். தாவரவியல் படிக்கத் தாவரத் தோட்டம் ஒன்றில் அனுமதி கேட்டபோது, பொறுப்பாளர் மறுத்துவிட்டார். அவருடைய மகள்கள் அந்தத் தோட்டத்தில் உலாவுவார்களாம். இந்தப் பெண்ணின் காற்று அவர்கள்மேல் படக்கூடாதாம். தேர்வுகளில் சிறப்புத் தேர்ச்சிகள் பெற்றும் கடைசிவரை பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்காக ஓய்ந்துவிடவில்லை. தகுதிச் சான்று பெற்றுத் தொழிலாளர்களுக்கு அறிவியல் வகுப்புகள் எடுத்தார். நம்மைப் போல மாலை வகுப்பில் சாக்பீஸ் பிடித்த ஆசிரியை என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

1883இல் 'அவர் கார்னர்' என்ற மாத இதழ். எவரும் வெளியிட முன்வராத பெர்னார்ட் ஷாவின் தொடக்ககால நாவல்கள் அதில்தான் தொடராக வந்தன. 1888இல் அரைப் பென்னி விலையில் 'தி லிங்க்' என்ற சிறு வார இதழ். அந்த ஆண்டு ஜூன் 23 இதழில் வந்த ஒரு கட்டுரைக்காக மட்டுமே அவரை வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம்.

கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்டு மே நிறுவனத்தின் தீக்குச்சித் தொழிற்சாலை. பங்குதாரர்களுக்குக் கொழுத்த ஆதாயம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு வாரக் கூலி நான்கு ஷில்லிங். கால் அழுக்காக இருந்தால் மூன்று பென்னி அபராதம். பெஞ்சுக்கு அடியில் குப்பை கிடந்தால் மூன்று பென்னி. வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அரிக்கும் நோய் வேறு. அன்னி ஆலை வாசலில் நின்று பெண்களைப் பேசவைத்து, அவர்கள் சொன்ன கணக்கை அப்படியே அச்சிட்டார். அச்சான இதழை மறுபடி அதே வாசலில் கொண்டுபோய் விநியோகித்தார். தங்கள் வார்த்தையைத் தாளில் பார்த்த பெண்கள், இது பொய் என்று கையெழுத்துப் போடு என்று நிர்வாகம் நெருக்கியபோது மறுத்தார்கள். ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலை முடிவதற்குள் வென்றார்கள். அபராதம் ஒழிந்தது, சங்கம் பிறந்தது, அன்னி அதன் செயலாளர் ஆனார்.

ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். வேலைநிறுத்தத்தை அன்னி திட்டமிடவில்லை. அவர் கேட்டது அந்த நிறுவனத்தின் தீப்பெட்டியை வாங்காதீர்கள் என்பதுதான். வேலையை விட்டு வெளியே வந்தது அந்தப் பெண்களின் சொந்த முடிவு. தலைவர்கள் மட்டுமே வரலாறு என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் இருக்க இந்த இடம் உதவும். சிவகாசியும் சாத்தூரும் நமக்குத் தூரமில்லை. தீப்பெட்டி ஒட்டிய கை யாருடைய வீட்டில் இருந்தது என்று கேட்டால் நம் வகுப்பிலும் கை உயரலாம்.

அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் பள்ளிக்கல்வி வாரியத் தேர்தலில் நின்று, தம் தொகுதியில் முதலிடம் பெற்று வென்றார். இங்கே ஒரு விநோதம் உண்டு. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, பள்ளி வாரியத்துக்குப் பெண்கள் போட்டியிடலாம். வரி செலுத்தும் பெண்கள் வாக்களிக்கலாம். ஆனால் அந்தக் கல்விச் சட்டத்தை இயற்றிய நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க முடியாது. பள்ளிக்கூட வாசல்வரை குடிமகள். அதற்கு அப்பால் இல்லை. வாரியத்தில் அவர் கேட்டவற்றுள் ஒன்று, பசியோடு வரும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உணவு. சென்னையில் பிட்டி தியாகராயர் காலத்தில் 1920இல் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதையும், காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்ததையும் நடத்தும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடி வழியாக

1889இல் பிரம்மஞான சபையில் சேர்ந்த அன்னியின் வாழ்க்கை திசை திரும்பியது. குடும்பக் கட்டுப்பாடு பற்றித் தாமே எழுதி, லட்சத்துக்கு மேல் விற்ற நூலை இனி அச்சிடுவதில்லை என்று நிறுத்திவிட்டார். எந்தப் புத்தகத்துக்காகப் பெற்ற மகளை இழந்தாரோ அந்தக் கருத்தையே விட்டு விலகியது அவருடைய பழைய தோழர்களுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

1893 நவம்பர் 16 அன்று கொழும்பிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கினார். இந்திய மண்ணில் அவர் முதலில் மிதித்தது நம் தென் தமிழ்நாட்டுக் கரையைத்தான். 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரி. 1907 முதல் அடையாற்றில் பிரம்மஞான சபைத் தலைவர். 1914இல் காமன்வீல் வார இதழ். அதே ஆண்டில் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' என்ற நாளிதழை விலைக்கு வாங்கி, 'நியூ இந்தியா' என்று பெயர் மாற்றினார். அப்போது அவருக்கு வயது 66. நம்மில் பலர் ஓய்வூதியக் கோப்பை அலமாரியில் வைத்துவிட்டு ஓய்ந்திருக்கும் வயது.

மாணவியின் கேள்விக்கு இப்போது வரலாம். அன்று நடப்பில் இருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு இதழிலும் அச்சிடுபவர் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டியிருந்தது. பத்திரிகையின் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் நாம் படிக்காமல் விடும் வரி அது. அச்சகத்தை வைத்திருப்பவரும் தம் பெயரை அரசிடம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அச்சக உரிமையாளரிடம் ஜாமீன் தொகை கேட்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. எழுத்து பிடிக்கவில்லை என்றால் தொகையைப் பறிமுதல் செய்துகொள்ளலாம். அச்சகம் அன்னியின் பெயரில் இருந்ததால் நோட்டீசும் அவர் பெயருக்கே வந்தது. 1916 மே மாதம் சென்னை அரசு 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. கட்டினார். ஆகஸ்டில் அதைப் பறிமுதல் செய்து, புதிதாக 10,000 ரூபாய் கேட்டது. அதையும் கட்டிவிட்டு, இதழைத் தொடர்ந்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. 1917 ஜூனில் அவரையும் அருண்டேல், வாடியா ஆகிய இரு தோழர்களையும் உதகமண்டலத்தில் காவலில் வைத்தார்கள். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்து, செப்டம்பரில் விடுதலை. டிசம்பரில் கல்கத்தா காங்கிரசின் தலைமை.

முன்பு அவர் எழுதிய கதைக்கு வந்த முப்பது ஷில்லிங் சட்டப்படி கணவனுடையது. இப்போது பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் அவர் பெயரில். தண்டம் என்றாலும் அதில் ஒரு சுதந்திரம் இருக்கத்தானே செய்கிறது?

கல்வி கேட்கப் போய் வாக்குக் கேட்டவர்கள்

உதகைக் காவலுக்கு ஒரு மாதம் முன்பு, 1917 மே 8 அன்று அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட் தலைவர். ஆனால் வேலையைத் தோளில் சுமந்தவர்கள் அயர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அம்மு சுவாமிநாதன் போன்றோர். கசின்ஸ் தம் நாட்டில் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். மறு ஆண்டில் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மம்' இதழ் வந்தது. ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்குப் பகுதிகளும் அதில் இருந்தன. ஊர் ஊராகக் கிளைகள், கிளைகளுக்கு இதழ், இதழ் வழியாக விவாதம். இது 'தி லிங்க்' காலத்திலிருந்து அன்னி அறிந்த வழி.

1917 டிசம்பரில் இந்தியச் செயலர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது ஒரு பெண்கள் குழு அவரைச் சந்தித்தது. சரோஜினி நாயுடு தலைமை தாங்கினார். இந்தச் சந்திப்பின் பின்கதை நமக்கு மிக நெருக்கமானது. கசின்ஸ் முதலில் அனுமதி கேட்டது பெண்கல்வி பற்றிப் பேசத்தான். அரசியல் சீர்திருத்தம் பற்றிய கோரிக்கைகளுக்கு மட்டுமே நேரம் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அப்படியானால் அரசியலே கேட்போம் என்று மனுவில் பெண்கள் வாக்குரிமையைச் சேர்த்தார்கள். பள்ளிக்கூடம் கேட்பதற்கும் வாக்கு வேண்டியிருக்கிறது என்பது அந்த ஒரு பதிலிலேயே புரிந்துவிட்டது.

வாக்குரிமை வரம்பை ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகம் இதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று கையை விரித்தது. 1919இல் அன்னி பெசன்ட், சரோஜினி நாயுடு, ஹீராபாய் டாட்டா ஆகியோர் லண்டன் சென்று நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்கள். அந்த ஆண்டுச் சட்டம் நேரடியாகத் தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மாகாணச் சட்டமன்றங்கள் விரும்பினால் தரலாம் என்று தள்ளிவிட்டது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த சென்னைச் சட்டமன்றம் 1921 ஏப்ரல் 1 அன்று பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். பம்பாய் அதே ஆண்டில் பின்தொடர்ந்தது.

இங்கே ஒரு முரணைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டாம். நீதிக்கட்சி அன்னி பெசன்ட்டைக் கடுமையாக எதிர்த்த கட்சி. தன்னாட்சி என்பது பிராமணர் ஆட்சியாகத்தான் முடியும் என்பது டாக்டர் டி.எம்.நாயர் போன்றோரின் குற்றச்சாட்டு. அன்னி முன்னெடுத்த கோரிக்கையை அவருடைய எதிர்த்தரப்பே சட்டமன்றத்தில் நிறைவேற்றியது.

குற்றச்சாட்டுக்கு இடமும் இருந்தது. 1904இல் இந்தியப் பெண்களின் கல்வி பற்றி எழுதியபோது, நல்ல மனைவியாகவும் தாயாகவும் ஆக்குவதே அதன் நோக்கம் என்ற எல்லைக்குள் நின்றார். லண்டனில் பட்டத்துக்காகப் போராடியவர் எழுதியது அது. 1909இல் 'இந்தியன் ரெவ்யூ' இதழில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று தூய்மையைக் காரணம் காட்டி எழுதினார். அவர் தலைமை வகித்த சபையின் முந்தைய தலைவர் ஆல்காட், அந்தப் பிள்ளைகளுக்காகவே 1894இல் அடையாற்றில் பள்ளி திறந்தவர். டாக்டர் அம்பேத்கர் பின்னாளில் அந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துக்காட்டி அன்னியின் மனப்பான்மையை அம்பலப்படுத்தினார். கால் அழுக்குக்கு அபராதம் போட்டவர்களை எதிர்த்து எழுதிய அதே பேனா! ஆசிரியராக இருக்கும் எவருக்கும் அந்தப் பக்கம் உறுத்தும். உறுத்த வேண்டும். அவரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் நான் சொல்லிவிடுகிறேன்.

வரி ரசீது

1921இல் வாக்குக் கிடைத்தது எந்தப் பெண்களுக்கு? குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிலவரியோ நகராட்சி வரியோ வருமான வரியோ தம் பெயரில் செலுத்துபவர்களுக்கு. ஆண்களுக்கும் அதே விதிதான். விதி சமம். ஆனால் சொத்து சமமாகவா இருந்தது?

இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் பழைய வரி ரசீது, பட்டா, பத்திரம் எதுவானாலும் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்து, அது யார் பெயரில் இருக்கிறது, அந்தப் பெயர் ஆணா பெண்ணா என்பதை மட்டும் குறித்து வாருங்கள் என்றேன். ஆவணத்தைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன் (செய்பவர்கள் இதை மறக்க வேண்டாம்). செட்டிநாட்டில் வீடுகளுக்குக் குறைவில்லை. ஆயிரம் சன்னல் வீட்டைக் காட்ட வெளியூரிலிருந்து பேருந்து வருகிறது. வேலு நாச்சியார் ஆண்ட சீமை என்று ஆண்டு விழாவில் நாடகமும் போடுகிறோம். பிள்ளைகள் கொண்டுவந்த குறிப்பில் தாத்தா, பூட்டன், அவருக்கு அப்பா என்று ஆண் பெயர்களே வரிசை கட்டி நின்றன. எங்கோ ஒன்றிரண்டில் பெண் பெயர். அப்படியென்றால் உங்கள் பூட்டியில் யாருக்கு 1921இல் வாக்கு இருந்திருக்கும் என்று கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை.

கதை அங்கே நிற்கவில்லை. 1926இல் பெண்கள் சட்டமன்றத்துக்குள் நுழையவும் வழி பிறந்தது. நம் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, அங்குள்ள மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே முதல் பெண்ணாகப் படித்த டாக்டர் முத்துலட்சுமி, இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையால் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்வானார். பிற்காலத்தில் 'ஸ்திரீ தர்மம்' இதழின் ஆசிரியப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பை விரித்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு வாக்கு. தகுதியுள்ள வாக்காளரின் மனைவிக்கும் வாக்கு. இந்த இரண்டாவது விதியைக் கவனியுங்கள். பெண்ணின் வாக்கு இன்னும் கணவன் பெயரின் நிழலில்தான் நின்றது. அன்னி பெசன்ட் அதைப் பார்க்க இல்லை. 1933 செப்டம்பர் 20 அன்று அடையாற்றில் காலமானார்.

வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று அரசமைப்புச் சட்டம் சொன்ன பிறகு நடந்ததுதான் எனக்கு மிக வியப்பாக இருந்தது. 1951–52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போன அலுவலர்களிடம், பெரும்பாலும் வட மாநிலங்களில், பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். சொத்துக் கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை, பெயரை மட்டும்தான் கேட்டார்கள்.

இதைச் சொல்லி முடித்த மறுநாள், மிஷினைப் பற்றிக் கேட்ட அதே மாணவி என்னிடம் வந்தாள். வீட்டில் அவளுடைய அப்பத்தாவின் வாக்காளர் அட்டையை எடுத்துப் பார்த்தாளாம். தெருவே அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடும். "அவங்களுக்கு அவ்வளவு அழகா ஒரு பேரு இருக்கு டீச்சர், எங்க யாருக்குமே தெரியலை" என்றாள்.